சூசையப்பர் வெட்டிய ரிப்பன்

பழைய மில் தடத்தில் இனிமேல் பயணிகள் ரயில் ஓடும் என்று அறிவித்த பிறகு, அதில் முதல் பயணம் போனவர் புனித சூசையப்பர். டிக்கெட் எடுக்கவில்லை. வழியனுப்பி வைத்தவன் லூர்துபிரகாஷ்.

வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது என்று தெருவே சொன்னது. லூர்துபிரகாஷ் திட்டம் போட்டுச் செய்த எந்தக் காரியமும் முத்தியால்பேட்டையில் இதுவரை உருப்பட்டதில்லை. அவன் வைத்திருக்கும் மைக் செட்டுகூட மாதாவுக்கு வணக்கம் சொல்லும்போது கீச்சென்று கத்தும், யாராவது பக்கத்தில் கெட்ட வார்த்தை சொன்னால் மட்டும் துல்லியமாக எடுக்கும்.

நடந்தது இதுதான். தெருக்கோடியில் ஒரு பஞ்சாலை இருந்தது. அது ஓடின காலத்தில் பெரிய ஸ்டேஷனிலிருந்து அதுவரைக்கும் சரக்குக்காக ஒரு தண்டவாளம் போட்டிருந்தார்கள். பஞ்சாலையை மூடினார்கள். தண்டவாளத்தை யாரும் மூடவில்லை, மறந்துவிட்டார்கள். அரசாங்கம் மறந்த இடத்தைத் தெரு ஞாபகம் வைத்துக்கொண்டது. துணி காயப்போட்டார்கள், ஆடு கட்டினார்கள், ஒருவர் சைக்கிள் கடை வைத்தார். சூசையப்பர் கோயில் தேர்க் கமிட்டி தன் பங்குக்கு, தடம் முடிகிற இடத்தில், தண்டவாளத்துக்கு மேலேயே தகரக் கொட்டகை போட்டுத் தேரை உள்ளே நிறுத்தியது.

அதிலும் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். தேரின் மரச்சக்கரங்கள் அந்தக் குறுகலான கொட்டகைக்குள் திரும்பாது. ரயில்வேக்காரர்கள் விட்டுவிட்டுப் போன ஓர் இரும்பு ட்ராலி புல்லுக்குள் கிடந்தது. தேரை அதன்மேல் தூக்கி வைத்து, தண்டவாளத்திலேயே தள்ளிக் கொட்டகைக்குள் விட்டுவிடுவார்கள். திருவிழாவுக்கு முன்தினம் மறுபடி வெளியே தள்ளி, ரோடு குறுக்கே போகும் கேட் வரை கொண்டுவந்து, அங்கே ஆளோடு ஆள் சேர்ந்து கீழே இறக்குவார்கள். தண்டவாளத்தில் துரு, இடுக்கெல்லாம் மண், மண்ணெல்லாம் புல். பத்துப் பன்னிரண்டு பேர் ஐலசா போட்டால் ட்ராலி ஒரு முழம் நகரும். சக்கரத்துக்குக் கட்டை வைக்கிற வழக்கமே கிடையாது. நகராத சாமானுக்கு யார் கட்டை வைப்பார்கள்?

திரும்பக் கொட்டகைக்குத் தள்ளும்போது மட்டும் மூச்சு கூடுதலாக வாங்கும். திருவிழாச் சாப்பாட்டின் பிரியாணிதான் காரணம் என்று கமிட்டி நம்பிவந்தது. தடம் வடக்கே கொட்டகையிலிருந்து தெற்கே இறங்குகிறது என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

இப்போது ரயில்வே வந்து புல்லைச் செதுக்கி, ஜல்லி கொட்டி, தண்டவாளத்துக்கு அடியிலிருந்த பழைய கட்டைகளை எடுத்துவிட்டுப் புதுசு போட்டு, கொட்டகைக்குள்ளும் சேர்த்துத் தண்டவாளத்தைப் பளபளவென்று ஆக்கியிருந்தது. சைக்கிள் கடை போய்விட்டது, ஆடுகள் போய்விட்டன. கேட்டுக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு பிளாட்பாரம், பெயர்ப்பலகை, குடிநீர்க் குழாய். வெள்ளோட்டத்துக்கு ஓர் எஞ்சினும் ஒரு பெட்டியும் வரும், பெரிய அதிகாரி ஒருவர் ரிப்பன் வெட்டுவார் என்று ஏற்பாடு. அதற்குள் கொட்டகையைக் காலி செய்யச் சொல்லி ரயில்வேயிலிருந்து மூன்று தடவை ஆள் வந்து சொல்லியாகிவிட்டது. கமிட்டிச் செயலாளர் லூர்துபிரகாஷ் மூன்று தடவையும், "ஆவட்டும் சார், சூசையப்பர் பொட்டி படுக்கை எல்லாம் கட்டிட்டாரு" என்று சொல்லி அனுப்பிவைத்தான்.

கடைசியில் வெள்ளோட்டத்தன்று காலைதான் நாள் வாய்த்தது. பூசை முடிந்து எல்லோரும் தேரை இறக்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். லூர்துபிரகாஷ் அன்றைக்கு ரொம்ப சீக்கிரம் எழுந்து, பிளாட்பாரத்துச் சாமியானாவில் தன்னுடைய மைக் செட்டையே கட்டிக்கொடுத்துவிட்டு (வாடகைக்கு எடுத்தவர்கள் ரயில்வேக்காரர்கள், அவனுக்கும் பிழைப்பு வேண்டுமே), கொட்டகைக்கு வந்தான். யாரும் வந்திருக்கவில்லை. கதவைத் திறந்தான். உள்ளே தேர். தேருக்குள் மரச் சூசையப்பர். கோயிலுக்குள் புதுசாக ஃபைபர் சூசையப்பர் வந்ததிலிருந்து இந்தப் பழைய சுரூபம் தேரிலேயே குடியிருந்தது. கையில் தகரத்தில் செய்த லில்லிப் பூ. முகத்தில், வீட்டுக்காரர் வாடகையை ஏற்றப்போகிறார் என்று கேள்விப்பட்ட ஆளின் பார்வை.

"போலாமா?" என்று கேட்டு, லூர்துபிரகாஷ் சும்மா ஒரு கை வைத்தான். தள்ளினான் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆள் வருவதற்குள் பிடிப்பை விடுவித்து வைக்கலாம் என்று ஒரு நெம்பு.

தேர் புறப்பட்டுவிட்டது.

முதலில் அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தனி ஆளாகத் தேரை நகர்த்திவிட்டோமே என்று சுற்றிலும் பார்த்தான், பார்க்க ஒருவரும் இல்லை. அப்புறம் தேர் அவனை விட வேகமாகப் போவதைக் கவனித்தான். பின்பக்க வடத்தைப் பிடித்தான். வடம் அவனை இழுத்தது. லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வடத்தை மறு கையால் பிடித்துக்கொண்டு ஓடினான். இரண்டில் எதை விடுவது என்று முடிவு செய்யவேண்டிய நேரம் வந்தபோது வடத்தை விட்டான்.

சாமியானாவில் தொகுப்பாளர் தெற்குப் பக்கம் பார்த்து நின்றபடி, "நாம் அனைவரும் ஆவலோடு எதிர்பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம் இதோ நெருங்கிக்கொண்டிருக்கிறது" என்று லூர்துபிரகாஷின் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். நேரம் வடக்கிலிருந்து நெருங்கியது. கேட்டைத் தாண்டி, தகரத் தோரணங்கள் குலுங்க, சூசையப்பர் சாவகாசமாக, ஒரு மிதிவண்டி வேகத்தில் பிளாட்பாரத்துக்குள் நுழைந்து, குறுக்கே கட்டியிருந்த ரிப்பனை நெஞ்சால் அறுத்துக்கொண்டு போனார். ரிப்பன் விழுந்தவுடன் வாசிக்கவேண்டும் என்பது பேண்டு செட்டுக்குக் கொடுத்திருந்த உத்தரவு. ரிப்பன் விழுந்தது. வாசித்தார்கள்.

பெரிய அதிகாரி காரில் வந்துகொண்டிருந்ததால் எஞ்சின் பெரிய ஸ்டேஷனை விட்டு இன்னும் கிளம்பவில்லை. தாமதமாக வரும் அதிகாரிகளைப் பற்றி லூர்துபிரகாஷ் தான் மைக் கட்டும் மேடைகளில் நிறைய ஜோக் அடித்திருக்கிறான். அன்றிலிருந்து நிறுத்திக்கொண்டான். பிளாட்பாரத்தின் கடைசியில் யாரோ வாழை மரத்தைச் சாய்த்து, அது உதவாமல், தோரணத்திலிருந்து ஒரு பச்சைத் தென்னை மட்டையைப் பிடுங்கிச் சக்கரத்துக்கு முன்னால் திணித்தார்கள். தேர் ஒரு தூக்குத் தூக்கி நின்றது. சூசையப்பர் நிற்க, அவர் கை லில்லிப் பூ மட்டும் பயணத்தைத் தொடர்ந்து ஜல்லியில் போய் விழுந்தது.

வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ரயில்வே போலீஸ்காரர் பெயர், தகப்பனார் பெயர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். "யார் சொல்லித் தள்ளினே?" என்றார். பங்குச் சாமியார் அருளானந்தம், பூசை உடுப்பைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "லூர்து, நான் உன்ன தேரை எறக்கத்தான சொன்னேன்?" என்றார்.

"எறக்கத்துலதான் சாமி போச்சு."

சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போலீஸ்காரருக்கும் வந்தது. லூர்துபிரகாஷின் வாழ்க்கையில் எல்லா விசாரணையும் இப்படித்தான் முடியும். ரிப்பனை முடிச்சுப் போட்டு மறுபடி கட்டினார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்து தேரை ரோட்டுக்கு இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் வந்தது, கைதட்டல் வந்தது. பொறியாளர் மேடம் சாயங்காலம் கொட்டகையைப் பார்க்க வருவார், வீட்டிலேயே இருக்கவேண்டும் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வீட்டில்தான் இருப்பேன் என்று அவன் தலையாட்டினான்.

லில்லிப் பூவைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தண்டவாளத்தோரமாகவே நடந்தான். அவன் வீடு கொட்டகைக்குப் பக்கத்து வீடு. முன்வாசல் தெருவில், சமையலறை தடத்தோரத்தில். அவன் தாத்தா பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் நொத்தேர் என்ற பத்திர அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு வாங்கிய இடம். அந்தப் பிரெஞ்சுப் பத்திரத்தை ஒரு தடவை சர்வே ஆபீசில் காட்டினான். அங்கிருந்தவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் படித்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

சுவரில் மூன்று கோடுகள் இருந்தன. தடத்தைத் திறக்கப்போகிறார்கள், ஓரத்து இடங்களையும் எடுப்பார்கள் என்று பேச்சு வந்ததும் முதலில் வந்தவர்கள், சமையலறை முடிந்து கூடம் தொடங்கும் இடத்தில், வெளிச்சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார்கள். அடுத்த மாதம் வேறு ஆட்கள் வந்தார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நேராகக் கூடத்துக்குள் நுழைந்து, நடுச்சுவரில் மஞ்சள் கோடு போட்டார்கள். அதற்கப்புறம் ஒரு நாள் அவனும் மனைவி ரூபியும் வீட்டில் இல்லாதபோது யாரோ வந்து தெருக்கதவு நிலையில் வெள்ளைக்கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சிவப்பு என்றால் சமையலறை மட்டும் போகும். மஞ்சள் என்றால் பாதி வீடு. வெள்ளை என்றால் நிலைக்கதவு மட்டும் மிஞ்சும், அதையும் எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

எந்தக் கோடு கணக்கு என்று யாரும் சொல்லவில்லை. ரயில்வேயில் கேட்டால் வருவாய்த்துறை என்றார்கள். வருவாய்த்துறையில் இளஞ்செழியன் என்று ஒருவர், தங்கமான மனுஷன், உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்து, "அது மேல இருந்து வரணும்ணே" என்றார்.

அவன் ரூபியிடம் வந்து சொன்னான்: "மேலன்னா எங்க சார்னு கேட்டேன். அந்தாளு சீலிங் ஃபேனைப் பாக்குறான். நானும் பாத்தேன். கரண்ட் இல்ல, அதுவும் சுத்தல."

அப்போதெல்லாம் ரூபி சிரித்தாள். சிரித்து முடித்துத் திட்டினாள். பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு பேக்கரியில் கல்லாவில் நிற்கிறவள். நாளெல்லாம் ஜனங்களுக்குச் சில்லறையும் ரொட்டியும் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்து, மிச்சமிருக்கும் குரலை வீட்டில் இவனுக்காகச் செலவு செய்வாள். "ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கன்னுதான அனுப்புறேன்? வூடு போவுமா, நிக்குமா? அதக் கேக்க எதுக்கு உங்களுக்கு இவ்ளோ கதை?" என்பாள்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் அவனால் கேட்க முடியவில்லை. ஆபீஸ் வாசலில் ஏறும்போது சரியாகத்தான் ஏறுவான். மேசைக்கு எதிரில் நின்றதும் வாய் தானாக, "சார், நம்ம வூட்டுக்கு ரயில் சமையக்கட்டு வழியா வருதா, வாசல் வழியா வருதா? எந்தப் பக்கம் ஆரத்தி எடுக்கறதுன்னு தெரியலயே" என்று ஆரம்பித்துவிடும். அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நீங்க ஜாலியான ஆளுண்ணே என்பார்கள். அவனும் ஜாலியாகத் திரும்பி வந்துவிடுவான்.

மழைக்காலம் ஆரம்பித்தபோது ரூபி கேட்பதை நிறுத்தினாள். திட்டுவதையும் நிறுத்தினாள். முதலில் அந்தச் சிவப்புக் கோட்டை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தவள், பிறகு சுவரைத் துடைக்கும்போது சுவிட்ச் போர்டை ஒதுக்குவதுபோல் அதை ஒதுக்கித் துடைத்தாள். மஞ்சள் கோட்டின் மேல் ஓர் ஆணி இருந்தது, அதில் குடையை மாட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, சேலைகளை ஒரு பையில் போட்டாள். அதற்கடுத்த வாரம் பாத்திரங்கள். அதற்கப்புறம் திருஇருதயப் படம், கல்யாண போட்டோ, கிறிஸ்துமஸ் குடிலின் மாடும் ஆடும். எல்லாம் பழைய போர்வைகளில் மூட்டையாகிக் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தன. வெளியே ஒரு குக்கர், ஒரு சட்டி, இரண்டு தட்டு, ஒரு தம்ளர். தம்ளரில் யார் முதலில் காப்பி குடிக்கிறார்களோ அவர்கள் கழுவி மற்றவருக்குக் கொடுக்கவேண்டும்.

ஒரு தடவை அவன், "வெயிட்டிங் ரூம்ல ஒக்காந்துகிட்டுக் குடும்பம் நடத்துற முதல் ஆளுங்க நாமதான்" என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள், கடையில் யாரோ சரியான சில்லறை கொடுத்தால் ஆட்டுவதுபோல.

திட்டாத ரூபியோடு குடித்தனம் நடத்துவது என்பது ஸ்பீக்கருக்கு ஒயர் கொடுக்காமல் மைக்கில் பேசுவதுபோல இருந்தது. வாய் அசைகிறது, கை அசைகிறது, கடைசி வரிசைக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

எதிர்ப்புறம், தடத்துக்கு அந்தாண்டை, கலியபெருமாள் வீடு. எந்தக் கோட்டிலும் படாத வீடு. சுவரோரம் நின்று பல் குத்திக்கொண்டிருந்தவர் இவன் வருவதைப் பார்த்ததும் கையைத் தட்டி, பிரெஞ்சுக்காரர் மாதிரி மரியாதை வைத்துக் கூப்பிட்டார்.

"முசே! முசே லூர்து! காலைல வெள்ளோட்டம் வுட்டுட்டியாமே?"

"சும்மா ஒரு கை வெச்சேன்பா. போயிட்டாரு."

"நல்லா வெச்ச கை. நானும் பாத்தேன். எங்க வூட்டுப் பொம்பளைங்க எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டாங்க, ரயில்ல சாமிய வெச்சித்தான் தொறந்து வெக்கிறாங்கன்னு." சிரித்து முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. அதுவரைக்கும் அவனுங்களுக்கு உன் வூட்டு மேல ஒரு இது இல்ல. நடுவுல மஞ்சளோ கிஞ்சளோ வெச்சி முடிச்சிருப்பானுங்க. இப்ப நீ பண்ணி வெச்ச கூத்துக்கு, இந்தாளு பக்கத்துல இருந்தாலே ஆபத்துடான்னு வெள்ளைக்கோட்டையே புடிச்சிக்குவானுங்க பாரு."

"அப்பிடியா சொல்ற?"

"சொல்லல. தோணுது."

லூர்துபிரகாஷ் வீட்டுக்குள் போய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தான். அப்படியும் இருக்கலாம் என்று பட்டது. தன் கையை விரித்துப் பார்த்தான். ஒரு கை. ஒரே ஒரு நெம்பு. வீடு போனதற்கு இதுதான் காரணம் என்று ஆனால், சாகும்வரைக்கும் மேடையில் சொல்ல ஒரு கதை கிடைத்துவிடும். இதைத்தான் முதலில் நினைத்தான். இப்படி நினைக்கிற மண்டையை எந்த மூட்டையில் கட்டுவது என்று அடுத்ததாக நினைத்தான். அப்புறம் ஒன்றும் நினைக்கவில்லை. தடத்தில் எஞ்சின் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. சமையலறைச் சட்டி லேசாக அதிர்ந்து நின்றது.

மதியத்துக்கு மேல் ரூபி வந்தாள். பேக்கரிக்குச் செய்தி முன்பாகவே போயிருந்தது. மார்க்கெட்டில் மீன் வாங்க வந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். ரொட்டிப் பையை வைத்தாள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இன்றைக்காவது திட்டுவாள் என்று அவனுக்கு நிச்சயமாகத் தோன்றியது. இதற்கும் திட்டாவிட்டால் வேறு எதற்கு?

"சூசையப்பருக்கு அடி பட்டுச்சா?" என்றாள்.

"அவருக்கு இல்ல. பூ உடைஞ்சிடுச்சு." சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். "ஒட்ட வெக்கலாம்னு எடுத்தாந்தேன்."

அவள் அதை வாங்கி, குழாயடியில் மண் போகக் கழுவி, முந்தானையில் துடைத்தாள். திரும்பி மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இத எந்த மூட்டைல வெக்கிறது?" என்றாள்.

அவளே மாடும் ஆடும் இருக்கும் மூட்டையின் முடிச்சை லேசாகத் தளர்த்தி, இடுக்கில் பூவைச் செருகிவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

பொறியாளர் மேடம் சாயங்காலம் வந்தார். பெயர் துர்கா. சின்ன வயசு, விழுப்புரம் பக்கத்துப் பேச்சு, காலில் ஜல்லித் தூசி படிந்த ஷூ. கொட்டகையைச் சுற்றி வந்தார். குனிந்து தண்டவாளத்தைப் பார்த்தார். லூர்துபிரகாஷ் பின்னாலேயே கைகட்டிக்கொண்டு நடந்தான்.

"சக்கரத்துக்குக் கட்டை வெக்கலையா சார்?"

"எதுக்கு மேடம்? இத்தன வருஷமா அது கேட்டதே இல்ல."

"எத்தன பேர் தள்ளினீங்க?"

"நான் ஒருத்தன்தான்."

"பன்னண்டு பேர் தள்ளுற தேரை ஒருத்தர் தள்ளி நகருதுன்னா, உங்களுக்கு ஒரு சந்தேகம் வரணுமில்ல?"

"வந்துச்சி மேடம். விசுவாசம் கூடிப்போச்சோன்னு நெனச்சேன்."

துர்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முதலில் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "பயப்படாதீங்க சார். கேஸ் கீஸ்லாம் ஒண்ணும் வராது. எறக்கம்னு ஒரு போர்டு நாங்களும் வெச்சிருக்கணும். இங்க ஒரு தடுப்பு வெக்கச் சொல்லி எழுதிடறேன்." கையிலிருந்த ஃபைலை மூடினார். "வரட்டுமா?"

அவ்வளவுதான். லூர்துபிரகாஷுக்குத் தெரியும், இதோ முடிந்தது. ஜாலியான ஆளுண்ணே. இன்னும் இரண்டு எட்டில் இவரும் போய்விடுவார், அவன் வாசலில் நின்று கையாட்டுவான்.

ரூபி சமையலறைக் கதவில் வந்து நின்றாள். "தண்ணி குடிச்சிட்டுப் போம்மா. காலைல இருந்து வெயில்ல நின்னுருப்ப."

துர்கா உள்ளே வந்தார். ரூபி தம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். துர்கா குடித்துக்கொண்டே கூடத்துப் பக்கம் பார்த்தார், குடிப்பதை நிறுத்தினார்.

"என்னங்க, ஊருக்குக் கெளம்புறீங்களா?"

"தெரியலம்மா," என்றாள் ரூபி.

அவள் குரலில் ஒன்றுமே இல்லை. வருத்தம்கூட இல்லை. ரொட்டி தீர்ந்துவிட்டதா என்று யாராவது கேட்டால் சொல்கிற குரல். சொல்லிவிட்டுத் தம்ளருக்காகக் கையை நீட்டியபடி நின்றாள். வீட்டில் இருப்பது அந்த ஒன்றுதானே, கழுவி வைக்கவேண்டும்.

லூர்துபிரகாஷின் வாயில் ஒரு ஜோக் தயாராக வந்து நின்றது. நல்ல ஜோக். சூசையப்பரே கிளம்பிட்டாரு மேடம், நாங்க பின்னாடி லக்கேஜோட போறோம் என்று. சொன்னால் அந்தப் பெண் நிச்சயம் சிரிக்கும், தம்ளரைக் கொடுக்கும், போய்விடும். நீட்டியபடி இருந்த ரூபியின் கையைப் பார்த்தான். பெயிண்டைத் தேய்த்த காலத்தில் விரல் ஓரம் கிழிந்து ஆறிய தழும்பு ஒன்று அதில் இருந்தது. ஜோக் வாயிலேயே வறண்டுபோயிற்று. காறித் துப்புவதுபோல் ஒரு சத்தம் வந்தது அவனிடமிருந்து.

"மேடம்."

"சொல்லுங்க சார்."

"இந்த வூடு போவுமா, நிக்குமா?"

துர்கா அவனைப் பார்த்தார். சிரிப்பதற்குத் தயாராக இருந்த முகம் மெல்ல இறங்கியது. "அது வந்து சார்... ஆபீஸ்ல முறைப்படி உங்களுக்கு..."

"ஆபீஸ்ல நான் கேட்டேன் மேடம். கேக்கத் தெரியாம கேட்டேன். அவங்களும் சொல்லத் தெரியாம சொன்னாங்க. செவப்பு இருக்கு, மஞ்சா இருக்கு, வெள்ள இருக்கு. எதுன்னு மட்டும் சொல்லுங்க. இவ கிட்டச் சொல்லுங்க, என்கிட்ட வேணாம்."

துர்கா தம்ளரை இன்னும் கொடுக்கவில்லை.

"காலைல நான் தேரை வுட்டதாலதான் முழுசா எடுக்கறாங்கன்னா, அதையும் சொல்லிடுங்க," என்றான். "அது தெரிஞ்சே ஆவணும்."

துர்கா ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தம்ளரை ரூபியின் கையில் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. லூர்துபிரகாஷைப் பார்க்காமல் ரூபியையே பார்த்துப் பேசினார்.

"காலைல நடந்ததுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்கக்கா. ஆடி மாசமே முடிவு பண்ணிட்டாங்க. வெள்ளைக்கோடுதான் கணக்கு. வீடு நிக்காது, முழுசாப் போயிடும். பொங்கல் கழிச்சி இடிக்க வருவாங்க."